நோயாளியின் இரகசியம் யாருடைய சொத்து?

(கச்சிராயபாளையம் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இவ்வூரில் ஒரு கூட்டம் என்றவுடன் சாமியைப் பற்றியோ, சடங்கைப் பற்றியோ, ஜாதியைப் பற்றியோ பேசுவேன் என்று அநேகர் எதிர்பார்த்து வந்திருக்கலாம். ஆனால் இன்று நான் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். அதிலும் மருந்து மாத்திரையைப் பற்றிப் பேசப் போவதில்லை. நோயாளி டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லும் இரகசியம் இப்போது கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்துகொண்டிருக்கின்றதே, அது யார் கையில் இருக்கின்றது, யார் யார் அதைப் பார்க்கின்றார்கள், பார்க்க அவர்களுக்கு என்ன பாத்தியதை என்கின்ற விஷயத்தைப் பற்றியே பேசப் போகின்றேன். இதற்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். கடைசி வரையில் கேட்டுவிட்டு, சம்பந்தம் உண்டா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எழுத்து எங்கே போகின்றது?

தோழர்களே! முன்பெல்லாம் நம் பக்கத்து ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். டாக்டர் அதில் நாலு வரி கிறுக்குவார். அதை மடித்து மடியில் செருகிக்கொண்டு வருவோம். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவர் திரும்பிப் போகும்போது அதை மழையில் நனைய விட்டுவிடுவார். கரும்பு வெட்டுகின்றவர் சட்டையோடு சேர்த்துத் துவைத்துவிடுவார். சீட்டுப் போனால் நோயின் சரித்திரமும் போய்விடும். மறுபடியும் போகும்போது, "போன தடவை என்ன மருந்து கொடுத்தார்கள்?" என்று டாக்டர் கேட்பார், "சிவப்பு மாத்திரை" என்று நாம் சொல்லுவோம்.

இப்போது அந்தக் காலம் போய்விட்டது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி ஜில்லா ஆயிற்று. 2022 ஜனவரியில் அதற்கு ஒரு சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. கர்ப்பமான பெண்ணுக்கு 'பிக்மி' என்கின்ற பதிவில் 12 இலக்க எண் ஒன்று கொடுக்கின்றார்கள். பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனால் அந்த எண்ணைக் கேட்கின்றார்கள். 2021 ஆகஸ்டு 5-ந் தேதி ஆரம்பிக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நம் வீட்டுத் திண்ணைக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துப் பதிவு செய்துகொண்டு போகின்றார்கள். 2021 செப்டம்பர் 27-ந் தேதி இந்திய சர்க்கார் நாடு முழுமைக்கும் ஆரம்பித்த திட்டத்தில் 'ஆபா' என்று 14 இலக்க எண் ஒன்றும் வந்துவிட்டது. காப்பீட்டு அட்டையைக் காட்டி ஆபரேஷன் செய்துகொண்டால் அந்தக் காகிதங்கள் காப்பீட்டுக் கம்பெனிக்கும் போகின்றன. இப்படியாக, நம் தாயாருக்கும் மனைவிக்கும் கூடத் தெரியாத நம் உடம்பின் சங்கதி, நாம் கண்ணால் பார்க்காத ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு பெட்டியில் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றது.

இதைக் கேட்டவுடன், "ஆகவே கம்ப்யூட்டர் வேண்டாம், பழைய சீட்டே போதும்" என்று நான் சொல்லப் போவதாக யாரும் நினைக்க வேண்டாம். ரயிலையும் தபாலையும் வேண்டாம் என்று சொன்ன வைதீகர்களின் கூட்டத்தில் நான் சேர்ந்தவனல்ல. 2024 ஜூன் மாதத்தில் நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் அறுபது பேருக்கு மேல் மாண்டார்களே, அப்போது நோயாளிகள் கள்ளக்குறிச்சிக்கும், சேலத்துக்கும், விழுப்புரத்துக்கும், புதுச்சேரி ஜிப்மருக்குமாகக் கொண்டு போகப்பட்டார்கள். அப்படிப்பட்ட சமயத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் என்ன மருந்து ஏற்றினார்கள், இரத்தத்தில் என்ன இருந்தது என்பது நோயாளி போய்ச் சேருவதற்கு முன்னேயே அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டாமா? அதற்குக் கம்ப்யூட்டரைப் போன்ற சாதனம் வேறில்லை. எழுதி வைப்பது நல்லது. எழுதியதை யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம் என்று விட்டு வைத்திருப்பதைத்தான் நான் கண்டிக்கின்றேன்.

இரகசியம் என்றால் வெட்கமா?

இந்த இடத்தில் நம் தோழர்களே என்னிடம் ஒரு கேள்வி கேட்கின்றார்கள். "நோய் என்பது பூர்வ ஜென்ம பாவமல்ல, சாமி குற்றமல்ல, கிருமியாலும் ஆகாரத்தாலும் உடம்பின் அமைப்பாலும் வருவது என்று மேடைக்கு மேடை சொல்லுகின்றோமே, அப்படியானால் அதை எதற்காக மறைக்க வேண்டும்? மறைப்பதே வெட்கப்படுவதாகாதா?" என்கின்றார்கள். இது நல்ல கேள்வி. அவசியம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

காசநோய் வந்தவன் வெட்கப்பட வேண்டியதில்லை. குஷ்டம் வந்தவனும், எச்.ஐ.வி. கிருமி உள்ளவனும், மனோவியாதி கண்டவனும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் ஊர் என்ன செய்கின்றது? டீக்கடையில் தம்ளரைத் தனியாக வைக்கின்றது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லுகின்றது. பெண் கேட்டு வந்தவர்கள் திரும்பிப் போகின்றார்கள். தீண்டாமை என்பது ஜாதியோடு நின்றுவிடவில்லை. நோயைக் காட்டியும் அதே தீண்டாமையைச் செய்யப் பழகியவர்கள் நம்மவர்கள். இந்தப் புத்தி ஊரை விட்டு ஒழிகின்ற வரையில், பலவீனமாகப் படுத்திருக்கின்றவனைப் பார்த்து, "நீ தைரியமாக எல்லோரிடமும் சொல்லிவிட்டு வரும் அடியைப் பட்டுக்கொள்" என்று சொல்லுவது நியாயமா?

அன்றியும், ஊர் திருந்திய பிறகும் கூட இந்த உரிமை இருந்துதான் தீரவேண்டும். ஏனெனில், ஒருவன் தன் நோயைத் தானே எழுந்து நின்று சொன்னால் அது அவனுடைய தைரியம். அவனைக் கேட்காமல் இன்னொருவன் சொன்னால் அது அவன் மீது செலுத்தும் அதிகாரம். நம் வீட்டுப் பெட்டியில் திருட்டுச் சொத்து ஒன்றும் இல்லை என்பதற்காகப் போகின்றவன் வருகின்றவன் எல்லாம் திறந்து பார்க்கச் சம்மதிப்போமா? என் உடம்பைப் பற்றி யாரிடம் பேசுவது, யாரிடம் பேசாதிருப்பது என்று முடிவு செய்கின்ற உரிமை எனக்கு இல்லையென்றால் பிறகு எனக்கு என்ன சுயமரியாதை மிச்சம் இருக்கின்றது?

நம்பிக்கை போனால் வைத்தியமும் போம்

இந்த இரகசியம் நோயாளியின் மானத்துக்கு மாத்திரம் வேண்டியதல்ல, வைத்தியத்துக்கே வேண்டியது. சாராயம் குடித்துவிட்டுக் கண் மங்கி வருகின்ற ஒருவனிடம், "என்ன குடித்தாய்?" என்று டாக்டர் கேட்கின்றார். சொன்னால் போலீஸுக்கும் ஊருக்கும் தெரிந்துபோகும் என்று பயந்து, "சோறு ஒத்துக்கொள்ளவில்லை" என்று அவன் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? மெத்தனால் விஷத்தில் ஒவ்வொரு மணி நேரமும் கண்ணுக்கும் உயிருக்கும் விலையாகும். அப்படிப்பட்ட விஷக் கேசுகளைப் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை ஆஸ்பத்திரிக்கு இருக்கின்றது. அது இருக்க வேண்டியதும் கூட. ஆனால் போலீஸுக்குச் சொல்லுவது வேறு, வார்டு வாசலில் நிற்கின்ற கூட்டத்துக்குச் சொல்லுவது வேறு என்கின்ற நம்பிக்கை நோயாளிக்கு இருந்தால்தான் அவன் வாய் திறப்பான்.

அது போலவே, கல்யாணமாகாத ஒரு பெண் கர்ப்பமாகி ஆஸ்பத்திரிக்கு வந்தால், சங்கதி மாலைக்குள் தெருவுக்கு வந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தால், அவள் ஆஸ்பத்திரிக்கு வருவாளா, மூலையில் இருக்கின்ற நாட்டு மருந்துக்காரியிடம் போய் உயிரை விடுவாளா? யோசித்துப் பாருங்கள். கிரேக்க தேசத்து வைத்தியர்கள் சுமார் 2400 வருஷங்களுக்கு முன்னேயே, வைத்தியம் செய்கின்ற இடத்தில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று பிரமாணம் செய்துகொண்டார்கள் என்றால், அது நோயாளி மீது தயவு வைத்து மாத்திரம் செய்த காரியமல்ல. இரகசியம் காக்காதவனிடம் எவனும் உண்மையைச் சொல்ல மாட்டான். உண்மை தெரியாமல் வைத்தியம் செய்ய முடியாது என்கின்ற அனுபவத்தால் வந்த ஏற்பாடு அது.

நிற்க. இப்போது ஆஸ்பத்திரிகளில் நடப்பது என்ன? ஒரு ஆஸ்பத்திரியில் நான் கண்ட காட்சியைச் சொல்லுகின்றேன். ஊரும் பேரும் வேண்டாம். ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கின்ற இடத்தில் ஒரு சிப்பந்தி வந்து நின்றுகொண்டு, ஒருவரின் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, "உங்களுக்குச் சளியில் டி.பி. வந்திருக்கின்றது, அந்த ரூமுக்குப் போங்கள்" என்று உரக்கக் கூவினார். அந்த மனிதர் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் இருந்த இருவர் மாத்திரம் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் இலட்சக்கணக்கான ரூபாய்க்குக் கம்ப்யூட்டர் வைத்திருக்கின்றார்கள். அதன் திரை ஓரத்தில் ஒரு காகிதத்தில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டியும் வைத்திருக்கின்றார்கள்! பூட்டை வாங்கிச் சாவியை அதிலேயே தொங்க விட்டிருப்பதற்குப் பூட்டே இல்லாமல் இருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றிற்று.

காகிதக் கட்டும் கம்ப்யூட்டரும்

காகிதத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயிரம் நோயாளிகளின் காகிதக் கட்டைத் திருட வேண்டுமானால் ஒரு மாட்டு வண்டி வேண்டும், இரவு வேண்டும், பூட்டை உடைக்க வேண்டும், காலையில் அலமாரி காலியாயிருப்பதைப் பார்த்து எல்லோருக்கும் தெரிந்துவிடும். கம்ப்யூட்டரில் இருப்பதைத் திருட விரல் நகம் அளவு ஒரு துண்டு போதும். பத்து இலட்சம் பேருடைய சங்கதியை அதில் நகல் எடுத்துக்கொண்டு போகலாம். எடுத்த பிறகும் அசல் இருந்த இடத்திலேயே இருக்கும். திருட்டுப் போனது என்பதே தெரியாது. பணம் திருட்டுப் போனால் மறுபடியும் சம்பாதிக்கலாம். பாஸ்வேர்டு திருட்டுப் போனால் மாற்றிக்கொள்ளலாம். நோயின் சங்கதி திருட்டுப் போனால் உடம்பை மாற்றிக்கொள்ள முடியுமா?

அதை வாங்குகின்றவன் யார் என்று கேட்பீர்கள். கடன் கொடுக்கின்றவன் வாங்குவான்; காப்பீடு கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்கின்றவன் வாங்குவான்; கல்யாணத் தரகன் வாங்குவான்; மிரட்டிப் பணம் பறிக்கின்றவன் வாங்குவான். இன்னும் ஒருவனையும் சொல்லுகின்றேன். குறி சொல்லுகின்றவன் கையில் அது கிடைத்தால் என்ன ஆகும்? நீங்கள் போய் உட்கார்ந்தவுடன், "உன் வயிற்றில் மூன்று மாதமாய் ஒரு கட்டி இருக்கின்றது, உன் மருமகளுக்கு இரண்டு தடவை கரு கலைந்தது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். நீங்கள் உடனே, "ஆகா, தெய்வ வாக்கு" என்று காலில் விழுந்து, விற்ற கரும்புப் பணத்தைக் கொட்டிவிட்டு வருவீர்கள். ஆஸ்பத்திரியில் ஒழுகுகின்ற இரகசியம் மூட நம்பிக்கைக்கு முதலாய்ப் போய்ச் சேர முடியும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

நடந்த சங்கதிகள்

இதெல்லாம் கற்பனைப் பயம் என்று நினைக்கின்றவர்களுக்கு நடந்தவைகளைச் சொல்லுகின்றேன்.

டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி இந்த நாட்டில் முதன்மையான ஆஸ்பத்திரி. 2022 நவம்பர் 23-ந் தேதி வெளியிலிருந்து திருடர்கள் கம்பி வழியாகவே நுழைந்து அதன் கணக்குகளைப் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். ஐந்து சர்வர்கள் கெட்டன என்று சர்க்காரே பார்லிமெண்டில் சொல்லிற்று. சுமார் இரண்டு வாரம் மறுபடியும் காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். காரணம் என்னவென்று பார்த்ததில், உள் வலையைச் சரியாகப் பிரித்துக் கட்டவில்லை என்றார்கள். அதாவது, அறைக்கு அறை கதவில்லாத வீடு. சமையற்கட்டில் நுழைந்தவன் பெட்டி அறை வரையில் போய்விட்டான்.

அதே வருஷம் டிசம்பரில் நம் திருப்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த சுமார் ஒன்றரை இலட்சம் நோயாளிகளின் விவரம் விலைக்கு வந்திருப்பதாகச் செய்தி வெளியாயிற்று. அது ஆஸ்பத்திரியிலிருந்து நேரே போகவில்லை, கம்ப்யூட்டர் வேலையைக் குத்தகை எடுத்திருந்த வேறொரு கம்பெனியின் வழியாகப் போயிருக்கலாம் என்று கண்டுபிடித்தவர்கள் சொன்னார்கள். 2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமை இடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டுக் கம்பெனியின் வாடிக்கைக்காரர்களுடைய விவரங்கள் டெலிகிராம் என்னும் செய்திச் சாதனத்தில் கேட்டால் கிடைக்கின்ற நிலைமைக்கு வந்தன. திருடியவன் சொன்ன கணக்கு மூன்று கோடிப் பேருக்கு மேல். அதில் வைத்தியப் பரிசோதனைக் காகிதங்களும் இருந்தன. கம்பெனி சென்னை ஐகோர்ட்டுக்குப் போயிற்று. கோர்ட்டு தடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம். வெளியே போன இரகசியத்தைத் திருப்பிக் கொண்டுவர எந்தக் கோர்ட்டாலும் முடியாது.

நம் ஜனங்கள் ஏராளமாய்ப் பிழைக்கப் போகின்ற சிங்கப்பூரில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே எல்லாம் ஒழுங்கு, எல்லாம் சட்டம் என்பார்கள். 2019 ஜனவரியில், எச்.ஐ.வி. கண்ட 14,200 பேருடைய பெயரும் விலாசமும் வெளியே போடப்பட்டுவிட்டதாக அந்தச் சர்க்காரே அறிவித்தது. அதில் 8,800 பேர் வெளிநாட்டார். இது வெளித்திருடன் வேலையல்ல. அந்தப் பதிவேட்டைப் பார்க்க அதிகாரம் பெற்றிருந்த ஒரு டாக்டரின் கூட்டாளி கையில் அது போய்ச் சேர்ந்ததால் வந்த வினை. ஆகவே, வெளிச்சுவர் எவ்வளவு உயரம் என்று மாத்திரம் பார்த்தால் போதாது. உள்ளே சாவி யார் இடுப்பில் தொங்குகின்றது என்றும் பார்க்க வேண்டும்.

கடைசியாக நம் விருதுநகர் ஜில்லாவில் 2018 டிசம்பரில் நடந்தது. சிவகாசி சர்க்கார் இரத்த வங்கியிலிருந்து வந்த இரத்தத்தைச் சாத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றினார்கள். அதில் எச்.ஐ.வி. இருந்தது. அந்த இரத்தம் கொடுத்த வாலிபர் 2016-லேயே ஒரு தடவை இரத்தம் கொடுத்து, அப்போதே கிருமி இருப்பது தெரிந்து, அந்த இரத்தத்தைக் கொட்டியும்விட்டார்கள். ஆனால் அவரிடம் யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டு வேலைக்காகத் தானே பரிசோதனை செய்துகொண்டு, விஷயம் தெரிந்தவுடன், "என் இரத்தத்தை யாருக்கும் ஏற்றாதீர்கள்" என்று அவரே வலிய வந்து சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. பிறகு அது ஊரெல்லாம், பத்திரிகையெல்லாம் பேச்சாயிற்று. அந்த வாலிபர் விஷம் குடித்து, டிசம்பர் 30-ந் தேதி மதுரை ஆஸ்பத்திரியில் இறந்து போனார். அவருக்கு வயது பத்தொன்பது.

தோழர்களே! இந்தச் சங்கதியை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதி வைத்த எழுத்து, யாரிடம் போக வேண்டுமோ அந்த மனிதனிடம் இரண்டு வருஷமாகப் போகவில்லை. யாருக்கு அவசியமில்லையோ அந்த ஊருக்கெல்லாம் இரண்டு நாளில் போயிற்று. இரகசியம் காப்பது என்றால் எல்லோரிடமும் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று அர்த்தமல்ல. உரியவனிடம் சொல்ல வேண்டும். உரியவனல்லாதவனிடம் சொல்லக் கூடாது. நம் ஆஸ்பத்திரிகள் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கின்றன.

சட்டம் என்ன சொல்லுகின்றது?

சட்டமே இல்லை என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் செய்த விதிகளின்படி, வைத்தியத்தின்போது தெரிந்துகொண்ட இரகசியத்தை டாக்டர் வெளியிடக் கூடாது. கோர்ட்டு உத்தரவு, இன்னொருவருக்கு நேரக்கூடிய கடுமையான ஆபத்து, சர்க்காருக்குத் தெரிவித்தே தீரவேண்டிய தொத்து நோய் ஆகிய சந்தர்ப்பங்கள்தான் விலக்கு. கர்ப்பக் கலைப்புச் சட்டத்தில், அந்தப் பெண்ணின் பெயரை வெளியிடுகின்ற டாக்டருக்கு ஒரு வருஷம் வரையில் சிறைத் தண்டனை உண்டு. 2017-ல் செய்து 2018 செப்டம்பரில் அமுலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், சம்மதமில்லாமல் ஒருவருடைய நிலையை வெளியிடக் கூடாது என்பதோடு, அந்தப் பதிவுகளைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்றும் சொல்லுகின்றது. 2017 ஆகஸ்டு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் ஒன்பது ஜட்ஜுகள் சேர்ந்து, அந்தரங்கம் மனிதனின் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

இந்த உரிமைக்கு எல்லையே கிடையாதா என்றால், உண்டு. 1998-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. இரத்தம் கொடுத்த ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது ஆஸ்பத்திரி மூலம் வெளியே தெரிந்து, அவருடைய கல்யாணம் நின்றுபோயிற்று. அவர் நஷ்டஈடு கேட்டார். அவரைக் கட்டிக்கொள்ளப் போகின்ற பெண்ணின் உயிரும் உயிர்தானே என்று சொல்லிக் கோர்ட்டு அவருக்கு நஷ்டஈடு கொடுக்க மறுத்துவிட்டது. ஆனால் அந்தக் கோர்ட்டு கூட வழக்கில் அவர் பெயரைப் போடாமல் 'எக்ஸ்' என்றுதான் எழுதிற்று. ஆபத்துக்குள்ளாகின்ற ஒருவரிடம் சொல்லுவதற்கும் ஊருக்கெல்லாம் சொல்லுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஒரு எழுத்தே காட்டவில்லையா?

2023-ல் தனி நபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விவரத்தைப் பத்திரமாக வைக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரையில் அபராதம் போடலாம் என்று அதில் இருக்கின்றது. 2025 நவம்பரில் விதிகள் வந்து, முக்கியமான கடமைகளுக்கு 18 மாதத் தவணையும் கொடுக்கப்பட்டது. ஆனால் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த அபராதம் சர்க்கார் கஜானாவுக்குப் போகின்றது. மானம் போன நோயாளிக்கு அதிலிருந்து ஒரு காசு கொடுக்க அந்தச் சட்டத்தில் வழியில்லை. இதை மாற்றச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியது

ஆஸ்பத்திரிகளிடம் நாம் கேட்பது பெரிய காரியமல்ல. ஒவ்வொரு உத்தியோகஸ்தருக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு இருக்கட்டும்; பத்துப் பேர் ஒரே பாஸ்வேர்டை வைத்துக்கொள்ளுகின்ற வழக்கம் ஒழியட்டும். வேலையை விட்டுப் போனவருடைய பாஸ்வேர்டு அன்றைக்கே ரத்தாகட்டும். சீட்டுக் கொடுக்கின்றவருக்குப் பெயரும் வயதும் தெரிந்தால் போதும். பரிசோதனை முடிவு எதற்கு? யார், எப்போது, எந்த நோயாளியின் ஏட்டைத் திறந்தார் என்பதைக் கம்ப்யூட்டரே தானாக எழுதி வைத்துக்கொள்ளும்படி செய்யலாம். காகிதக் கட்டில் முடியாத காரியம் இது. அதைச் செய்யட்டும்; செய்து, மாதம் ஒரு தடவை ஒருவர் உட்கார்ந்து பார்க்கட்டும். அவசரத்தில் உயிருக்குப் போராடுகின்றவனுடைய ஏட்டை எந்த டாக்டரும் திறக்கலாம், ஆனால் ஏன் திறந்தேன் என்று பிறகு காரணம் எழுத வேண்டும் என்று வைக்கட்டும். நோயாளியின் காகிதத்தைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப் கூட்டங்களில் போடுவதை நிறுத்தட்டும். கணக்கின் நகல் ஒன்றைக் கம்பித் தொடர்பில்லாத இடத்தில் வைக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், காசு செலவில்லாத ஒரு காரியத்தைச் செய்யட்டும்: நோயின் பெயரைக் கூட்டத்தில் கூவாமல் இருக்கட்டும்.

நாமும் செய்ய வேண்டியது இருக்கின்றது. நம் காகிதங்களின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று அதே 2002-ம் வருஷத்து விதியில் இருக்கின்றது; கேட்டு வாங்குங்கள். 'ஆபா' எண் கட்டாயமல்ல என்று சர்க்காரின் கொள்கையே சொல்லுகின்றது. அது வேண்டுமென்றால் என்ன பிரயோஜனம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எடுங்கள்; எடுக்காவிட்டால் வைத்தியம் இல்லை என்று யாராவது சொன்னால், எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். போனில் கேட்கின்றவனிடம் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாதீர்கள். வெள்ளிமலையிலிருந்து வருகின்ற மலைவாசித் தோழருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதற்காக அவருடைய பெருவிரலைப் பிடித்து வைத்து அழுத்தி, அதற்குச் 'சம்மதம்' என்று பெயர் வைக்கின்ற பித்தலாட்டத்தைக் கண்டால், படித்த வாலிபர்கள் பக்கத்தில் நின்று, என்ன எழுதியிருக்கின்றது என்று அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கணவன்மார்களுக்கும் மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. பெண் டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டுமென்றால் வெளியே போய் நில்லுங்கள். தாலி கட்டியதால் அவள் உடம்பின் கணக்குப் புத்தகம் உங்கள் பேருக்குப் பட்டாவாகிவிடவில்லை. திண்ணைக்குத் திண்ணை போய்ப் பதிவு செய்கின்ற தாய்மார்களுக்கும் ஒன்று சொல்லுகின்றேன். நீங்கள் செய்வது மிகவும் உயர்ந்த வேலை. நீங்களும் அதே தெருவில் குடியிருக்கின்றவர்கள். ஆகையால் மூன்றாவது வீட்டுச் சர்க்கரையின் அளவு நான்காவது வீட்டுக்குப் போகாமல் இருப்பது உங்கள் நாக்கில்தான் இருக்கின்றது; எந்தக் கம்ப்யூட்டராலும் அதைப் பூட்ட முடியாது.

தோழர்களே! கோவிலுக்குள் யார் போகலாம் என்று முடிவு செய்தவன் நம்மைக் கேட்கவில்லை. கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம் என்று முடிவு செய்தவனும் நம்மைக் கேட்கவில்லை. இப்போது நம் உடம்பின் சங்கதியை யார் பார்க்கலாம் என்பதையும் நம்மைக் கேட்காமலே முடிவு செய்ய நாம் விட்டுவிடலாமா? இதற்காகப் போராட்டம் செய்யுங்கள், மறியல் செய்யுங்கள் என்று நான் இன்று சொல்ல வரவில்லை. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, எழுதுகின்றவரைப் பார்த்து, மரியாதையாக, "அம்மா, இதை யார் யார் பார்ப்பார்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவர் சலித்துக்கொள்ளுவார். நூறு பேர் கேட்டால் மேலதிகாரியைக் கேட்பார். ஆயிரம் பேர் கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

நான் சொன்னவைகளை நான் சொன்னேன் என்பதற்காக ஏற்றுக்கொள்ள வேண்டாம். உங்கள் அறிவுக்கும் அனுபவத்துக்கும் ஒத்து வருகின்றதா என்று வீட்டில் போய் நன்றாக யோசித்து, சரி என்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.